எத்தனை வயதில் தொடங்கியது?



பசறைப் பக்கம் உள்ள தோட்டம் ஒன்றின் பிள்ளை மடுவத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடுவோம். வருபவர்களில் பலர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து கொழுந்து பறிப்பவர்கள். வேறு சிலர் 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போய், அங்கே காடு வெட்டிக் குடியேறி, 2009க்குப் பிறகு எல்லாவற்றையும் இழந்து உறவினரின் லயத்துக்குத் திரும்பியவர்கள். ஒரே வருத்தத்தை இவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். வன்னியில் வளர்ந்தவர் 'தலையிடி' என்பார். தோட்டத்தில் வளர்ந்தவர் 'மண்டக்குத்து' என்பார். இந்த மாதம் அந்த வருத்தத்தின் ஒரு வகையைப் பற்றியும், அதில் நான் விட்ட பிழையைப் பற்றியும் எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு வரும் அம்மா ஒருவர். பெயர் வேண்டாம். 7 வயதில் பெற்றோருடன் கிளிநொச்சிப் பக்கம் போனவர். கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தார். மெனிக்பாம் முகாமிலிருந்து வெளியே விட்டதும் தம்பியின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு காம்பராவில் எட்டுப்பேர். 2023ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஒருநாள், "ராத்திரியில தலையிடி மிஸ், நித்திரையே இல்லை" என்றார். நான் அவருடைய கோப்பில் ஒரு வரி எழுதினேன்: யுத்த இழப்பினால் ஏற்பட்ட மனஅழுத்தம். உளவளத்துணைக்கு அனுப்பினேன். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் ஏறி, பதுளைக்குப் போய் வந்தார். கணவரைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் மனம் விட்டு அழுததாகச் சொன்னார். ஐப்பசி நடுவில் தலையிடி நின்றுவிட்டது. 'நல்ல முன்னேற்றம்' என்று கோப்பில் எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பங்குனியில் அது திரும்பி வந்தது.

அந்த முறை எதையும் நான் காகிதத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தேன். பண்டாரவளையில் இரண்டு நாள் வதிவிடப் பயிற்சி. எல்லோரும் ஒரே மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். இரவு ஒரு மணியிருக்கும். யாரோ விறாந்தையில் நடக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் இந்த அம்மா. இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அங்குமிங்கும் வேகமாக நடக்கிறார். திடீரென்று நின்று சுவரில் தலையை முட்டுகிறார். மறுபடி நடக்கிறார். கிட்டப்போய்ப் பார்த்தேன். இடது கண் சிவந்து நீர் ஓடுகிறது. அந்தப் பக்கத்து இமை கீழே விழுந்து கண் சிறுத்துப் போயிருக்கிறது. இடது மூக்கிலும் நீர். வலப்பக்க முகம் சாதாரணமாக இருக்கிறது. "நீங்க படுங்க மிஸ். ஒரு மணித்தியாலத்துல அதுவாப் போயிடும்" என்றார். சொன்னபடியே போனது. காலையில் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தது அவர்தான்.

தலையிடி என்றால் இருட்டில் அசையாமல் படுத்துக் கிடப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நித்திரை இல்லை என்று அவர் சொன்னபோது கவலையால் வந்த விழிப்பு என்று எடுத்துக்கொண்டேன். நித்திரையில் இருப்பவரை வலி எழுப்புகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஏழு மாதமாகக் கேட்காத கேள்வியை அன்று காலைதான் கேட்டேன். "அம்மா, உங்கள் சீவியத்தில் இந்த வலி முதன்முதல் வந்தது எப்போது?" அவர் யோசிக்கவே இல்லை. "போன வருஷம் ஆவணித் தேர் முடிஞ்ச கிழமை. அதுக்கு முந்தி ஒருநாளும் இல்லை." அப்போது அவருக்கு 53 வயது. ஷெல் விழுந்த காலத்திலும் முகாமிலும் இல்லை. 14 வருடம் கழித்து வந்திருக்கிறது.

நரம்பியல் கிளினிக்கில் வைத்தியர் சொன்ன பெயர் 'கிளஸ்டர் தலையிடி'. தமிழில் கொத்துத் தலைவலி என்கிறார்கள். கொத்துக் கொத்தாக வருவதால் அந்தப் பெயர். சில கிழமை, அல்லது இரண்டு மூன்று மாதம், ஒவ்வொரு நாளும் வரும். ஒரு நாளில் ஒன்று, இரண்டு, சிலருக்கு எட்டுத் தடவைகூட. பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆளைத் திரும்பியும் பாராது. ஒவ்வொரு தாக்கமும் கால் மணித்தியாலத்திலிருந்து மூன்று மணித்தியாலம் வரை நீடிக்கும். எப்போதும் ஒரு பக்கம், கண்ணைச் சுற்றி. பலருக்கு மணிக்கூடு பார்த்தது போல ஒரே நேரத்துக்கு வரும், அதிலும் நித்திரையில் ஆழ்ந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில். உடம்பின் நேரத்தையும் நித்திரையையும் கணக்கு வைக்கும் ஹைப்போதலமஸ் என்ற பகுதி மூளையின் அடியில் இருக்கிறது. தாக்கத்தின்போது அந்த இடம் வேலை செய்வதை 1998இல் லண்டனில் ஸ்கேன் மூலம் படமெடுத்துக் காட்டினார்கள்.

ஒரே நேரத்துக்கு வருவதுதான் எங்கள் மலைகளில் பெரிய வில்லங்கம். நடுச்சாமத்தில் எழும்பி, கண் சிவந்து, தலையை முட்டிக்கொண்டு நடக்கும் பெண்ணைப் பார்த்து லயத்தில் என்ன சொல்வார்கள்? முனி அடித்துவிட்டது என்பார்கள். இந்த அம்மாவுக்கும் தம்பி மனைவி கயிறு கட்டிவிட்டிருந்தார். கட்டிய இரண்டு கிழமையில் வலி நின்றது. கயிறு ஜெயித்தது என்று வீட்டில் நினைத்தார்கள். உளவளத்துணை ஜெயித்தது என்று நான் நினைத்தேன். கொத்து முடியும் நேரத்தில் எதைச் செய்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும்.

இனி வயது விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடையில் தொடங்கும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். பழைய மருத்துவப் புத்தகங்கள் வரைந்து வைத்த நோயாளி சிகரெட் பிடிக்கும் நடுத்தர வயது ஆண். அந்தப் படம் அத்தனை உறுதியாக இருந்ததால் பெண்கள் வந்து சொன்னபோது அதை ஒற்றைத் தலைவலி என்றோ மனக்குழப்பம் என்றோ எழுதிவிட்டார்கள். இத்தாலியில் பார்மா நகர நிபுணர்கள் தங்கள் நோயாளிகளை நோய் தொடங்கிய காலப்படி பிரித்து 1998இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1960க்கு முன் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 6 ஆணுக்கு ஒரு பெண். 1990களில் தொடங்கியவர்களில் 2 ஆணுக்கு ஒரு பெண். வாழ்க்கைமுறை மாறியது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். பெண்கள் சொல்வதை வைத்தியர்கள் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சுவீடனில் ஐநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை முப்பது வருடம் கவனித்து எழுதிய அறிக்கை 2002இல் வந்தது. அதில் பெண்களின் தொடக்க வயது ஒரே மேடாக இல்லை. இருபதுகளில் ஒரு மேடு, ஐம்பதுகளில் இன்னொரு மேடு. அமெரிக்காவில் 1134 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பிலும் 20 வயதுக்கு முன்பே முதல் வலி வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 10 வயதுக்கு முன் வருவது மிக அரிது, ஆனால் வந்திருக்கிறது. 60, 70 வயதில் தொடங்கியவர்களும் உண்டு.

அதாவது எங்கள் பெண்களுக்கு இது தொடங்கக்கூடிய வயதுகள் சிலவற்றில்தான் அவர்கள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. 16 வயதுப் பிள்ளைக்குத் தலையிடி என்றால் சோதனைப் பயம், காதல், சாட்டு. 50 வயது அம்மாவுக்கு என்றால் தீட்டு நிற்கும் காலம், யோசனை, யுத்தம். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பதில் தயாராகவே இருக்கிறது.

16 வயது என்று சும்மா சொல்லவில்லை. ஹாலிஎலப் பக்கம் ஒரு பிள்ளை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது. 14 வயதில் முதல் தடவை. அதன்பிறகு வருடத்தில் ஏறக்குறைய ஆறு கிழமை, பின்நேரம் ஒரு மணி தாண்டினால் வலக்கண்ணில் குத்து. வகுப்பில் இருக்க முடியாமல் வெளியே ஓடி மைதானத்தைச் சுற்றுவாள். நடிப்பு என்றார்கள். கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். பீனிசம் என்று ஆவி பிடித்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்றையும் பிடுங்கியாகிவிட்டது. பல் நல்ல பல். மேல் தாடையிலும் வலி பரவுவதால் இந்த நோயில் உலகம் முழுக்க இப்படிப் பல் பறிபோகிறது. சரியான பெயர் தெரியவர வருடக்கணக்கில் எடுப்பது பல நாட்டிலும் நடப்பதுதான். சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு இன்னும் கூடுதலாக எடுக்கிறது.

பண்டாரவளை அம்மாவின் கதையை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது இந்தப் பிள்ளையின் தாய் பின்னால் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் வந்து, "மிஸ், எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான்" என்றார். அவருடைய அண்ணனுக்குச் சில மாதங்களில் அரை கிளாஸ் சாராயம் குடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பக்க மண்டை பிளக்குமாம். குடிவெறி என்று வீட்டில் ஏசியிருக்கிறார்கள். கொத்துக் காலத்தில் மதுபானம் தாக்கத்தைத் தூண்டும் என்பது இந்த நோயின் பழைய அடையாளம். கொத்து இல்லாத மாதங்களில் அதே ஆள் குடித்தாலும் ஒன்றும் நடக்காது. (குடிக்கலாம் என்று சொல்ல வரவில்லை, அண்ணன்மார் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டாம்.) இந்த நோய் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வரும். அதனால் மாமனுக்கு 30இல் வந்தது மருமகளுக்கு 14இல் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெண்களில் அதிகம் காணப்படும் ஒற்றைத் தலைவலியிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? ஒற்றைத் தலைவலி நாலு மணித்தியாலத்திலிருந்து மூன்று நாள் வரை நீளும். வெளிச்சம், சத்தம் ஆகாது, குமட்டும், அசைந்தால் கூடும், ஆகவே ஆள் படுத்துக்கொள்வாள். கொத்துத் தலைவலிக்காரியால் படுக்க முடியாது. கிழக்காசிய நாடுகளில் சிலர் அவ்வளவாக நடப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள், ஆகவே நடக்கவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவெடுக்கவும் கூடாது. இன்னொரு வகை இருக்கிறது, இதே மாதிரிக் கண்ணீரும் கண் சிவப்பும் வரும், ஆனால் பத்து இருபது நிமிடமே நீடிக்கும், ஒரு நாளில் பல தடவை வரும். பெண்களுக்கும் நன்றாகவே வருவது. அதற்கு இன்டோமெதசின் என்ற மாத்திரை முழுமையாகக் கேட்கும், கொத்துத் தலைவலிக்கு அது பொதுவாகக் கேட்காது. இதனால்தான் 'எத்தனை நிமிடம்' என்று வைத்தியர் துருவித் துருவிக் கேட்கிறார். "கொஞ்ச நேரம் டொக்டர் ஐயா" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வயதில் புதிதாகத் தொடங்கும் எந்தத் தலையிடியையும் கொத்துத் தலைவலி என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். நெற்றிப்பொட்டில் தொட்டால் நோவு, தலை சீவினால் நோவு, சோறு மென்றால் தாடை வலித்து ஓய்வெடுத்தால் குறைவது, பார்வை மங்குவது ஆகியவை இரத்தக்குழாய் அழற்சியின் அடையாளங்கள். சாதாரண ஈ.எஸ்.ஆர். இரத்தப் பரிசோதனை அதற்கு வழி காட்டும். வைத்தியம் பிந்தினால் கண் போய்விடும், அதுவும் திரும்பி வராது. கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தம் திடீரெனக் கூடியதாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி. எந்த வயதிலும் இதுவரை அறியாத இடி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் இழுத்தால், 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அது இலவசம். முதல் தடவையாக இமை விழுந்தாலும் அன்றே காட்டுங்கள், அதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

யுத்தத்தில் காயப்பட்ட சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. தலையில் அடிபட்ட பிறகு வரும் தலையிடி வேறு பல வகை. ஆகவே காயம் எப்போது, வலி எப்போது என்று இரண்டு திகதியையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மூளையைப் படமெடுக்க எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். உங்கள் தலையிலோ கண்ணிலோ உடம்பின் வேறு எங்கோ ஷெல் துண்டு இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லுங்கள். எங்கே காயப்பட்டது, யாரால் காயப்பட்டது என்று அங்கே யாருக்கும் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. 'உடம்பில் இரும்பு இருக்கிறது' என்ற ஒரு வசனம் போதும். பயத்தில் இதை மறைத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நல்லகாலம், கடைசி நிமிடத்தில் கூடப் போன மகள் சொன்னாள்.

மருந்து என்ன? தோட்ட டிஸ்பென்சரியில் தரும் பரசிட்டமோல் இதற்கு உதவாது. அது வேலை தொடங்குமுன் தாக்கம் முடிந்துவிடும். ஆகவே தின்னத் தின்ன எண்ணிக்கைதான் கூடும். தாக்கத்தை நிறுத்துவதில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று ஒட்சிசன். முகமூடி வைத்து நிமிடத்துக்கு 12 லீற்றர் அளவில், கால் மணித்தியாலம். 2009இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் ஒட்சிசன் கொடுத்த தாக்கங்களில் 78 வீதம் 15 நிமிடத்தில் அடங்கின. வெறும் காற்றுக் கொடுத்தவற்றில் 20 வீதம் மட்டுமே. சுமாட்ரிப்டான் என்ற ஊசியும் உண்டு, எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வயது இங்கேயும் குறுக்கே வருகிறது. 16 வயதுப் பிள்ளைக்கு யோசிக்கும் மருந்தும், பிரஷரும் சீனியும் உள்ள 53 வயதுக்காரிக்கு யோசிக்கும் மருந்தும் ஒன்றல்ல. நாவின் கீழ் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை கொத்துக் காலத்தில் தாக்கத்தை வரவழைக்கும் என்பதையும் வயதானவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கொத்து நடக்கும் மாதங்களில் தாக்கம் வராமல் தடுக்க வெரபமில் கொடுப்பார்கள். அதற்கு இடையிடையே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலும் வரும். தொடக்கத்தில் சில நாள் ஸ்டீரொயிட் மாத்திரை கொடுப்பதும் உண்டு. பிள்ளை வயிற்றில் இருந்தாலோ, பாலூட்டினாலோ முதலில் அதைச் சொல்லுங்கள்.

லயத்துக்கு ஒட்சிசன் சிலிண்டர் கொண்டு வரலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்வி. எங்கள் காம்பராக்களில் விறகடுப்பும் குப்பி விளக்கும் ஒரு பாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒட்சிசன் உள்ள இடத்தில் நெருப்பு மூர்க்கமாகப் பிடிக்கும். வைத்தியர் எழுதித் தந்து, பாதுகாப்பாக வைக்கும் இடமும் இருந்தால் ஒழிய வேண்டாம். கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பேசி, கிளினிக் கொப்பியில் ஒட்சிசன் அளவை எழுதி வாங்கி வைத்துக்கொள்வதைத்தான் நாங்கள் செய்தோம்.

இன்னொரு விஷயம், எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் விடக்கூடாது. இந்த வலியில் உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாவும் ஒரு இரவு பீலிக்கரை வரைக்கும் போய்த் திரும்பியவர். ஏழு மாதம் என்னோடு பழகியும் இதைச் சொல்லவில்லை, நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் சொன்னார். அப்படி நினைப்பு வந்தால் பக்கத்துக் காம்பராக்காரியை எழுப்புங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

உளவளத்துணைக்கு அனுப்பியது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இன்றும் விருப்பத்தோடு போகிறார். அவருக்கு அழ நிறைய இருக்கிறது. தலையிடிக்கு மருந்து அதுதான் என்று எழுதியதுதான் என் பிழை. சமூகவியல் படித்த நாங்கள் ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் அவளுடைய சரித்திரத்தைப் பார்த்துவிடுகிறோம். அவளுடைய இடது கண்ணைப் பார்ப்பதில்லை. இப்போது எங்கள் பதிவுப் படிவத்தில் உடல்நோய்ப் பகுதியில் மூன்று கேள்வி சேர்த்திருக்கிறோம். முதன்முதல் எந்த வயதில்? ஒரு தடவை எத்தனை நிமிடம்? அந்த நேரத்தில் படுப்பீர்களா, நடப்பீர்களா?

ஹாலிஎலப் பிள்ளைக்குப் பரீட்சைக் காலத்தில் கொத்து வரவில்லை. அதில் யாருக்கும் பங்கில்லை, அதிர்ஷ்டம்தான். ஆனால் வரக்கூடும் என்று வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்து, தாய் அதைப் பாடசாலையில் ஒப்படைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

அந்த அம்மா தம்பி வீட்டு நாட்காட்டியில் வலி வரும் நாளில் கரிக்கோடு போடுகிறார். ஒரு தடவைக்கு ஒரு கோடு, பக்கத்தில் மணி. எழுதப் படிக்கத் தெரியாத தம்பி மனைவிதான் இரவில் விளக்கைப் பிடித்து மணிக்கூட்டைக் காட்டுகிறார். இந்தக் கொத்தில் முதல் கிழமை 11 கோடு. வெரபமில் தொடங்கிய மூன்றாவது கிழமை 2. முனிக் கயிறு கையில் அப்படியே இருக்கிறது. அதையும் அவிழ்க்கச் சொல்வீர்களா என்று கேட்டார். நான் சொல்லவில்லை.